நூல் சுற்றிய பில்டர்

வெள்ளைச் சட்டையை ஊற வைத்த பேசினில்தான் விதுஷா அதை முதலில் பார்த்தாள். தண்ணீர் தெளிந்து, அடியில் மெல்லிய படிவு ஒன்று இறங்கியிருந்தது. ஐப்பசி மழையில் கிணறு கலங்குவது லுணுகலைப் பக்கத்தில் ஒரு செய்தியே இல்லை. மலைச்சரிவு கரைந்து, வடிகானெல்லாம் செம்மண்ணாக ஓடுகிற காலம் அது. ஆனால் செம்மண் சிவப்பாக அல்லவா இருக்க வேண்டும்? இது மஞ்சளாக இருந்தது. விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனாள். பச்சை மஞ்சளைக் கல்லில் உரசினால் எழும் வாசம். விதுஷாவுக்கு மஞ்சள் ஆகாது, பூசினால் உடம்பெல்லாம் தடித்துவிடும். அந்த வீட்டில் குளிக்கிற மஞ்சள் என்று ஒரு துண்டுகூடக் கிடையாது.

சட்டையை அலசி அடுப்புக்கு மேலே கயிற்றில் காயப் போட்டாள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் புறப்பட்ட அவள் புருஷன் புவனேந்திரன் அதை எடுத்து மாட்டினான். பொத்தான் பூட்டிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது. காலரை இழுத்து மோந்தான். தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டி ஓட்டிக் காய்ந்துபோன அந்த முகம், வெயில் பட்ட வெண்ணெய் மாதிரி இளகியது.

"ராணி இப்படித்தான் மணப்பா," என்றான். "வெள்ளிக்கெழமையானா கெணத்தடியில ஒக்காந்து மஞ்ச ஒரசுவா."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். கடித்து என்ன பிரயோசனம்? விதுஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு மாதமாக அவனுக்கு ஆக்கிப் போடுகிறாள், துவைத்துப் போடுகிறாள், குளிரில் கால் பிடித்து விடுகிறாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், இவள் வாசம் என்னவென்று அவன் மோந்து பார்த்ததுண்டா?

ராணி என்பவள் யோகராணி. புவனேந்திரனின் மூத்த சம்சாரம். மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது குளவி கலைந்து கொட்டி, வீட்டுக்குத் தூக்கி வருவதற்குள் போய்ச் சேர்ந்தவள். இந்த வீட்டுக் கிணற்றை அவனும் அவளும் சேர்ந்துதான் வெட்டினார்கள். அவன் உள்ளே இறங்கி வெட்ட, அவள் மேலே நின்று மண்கூடையை இழுத்துக் கொட்டினாளாம். ஊற்று கண்ட அன்று முதல் வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு சிரித்தாளாம். பக்கத்து லயத்து வரிசை வீடுகளின் சனம் இன்றைக்கும் அதை 'ராணி கெணறு' என்றுதான் சொல்கிறது. வீட்டுச் சுவரில் அவள் படம், படத்துக்கு மாலை, பெட்டிக்குள் அவள் சேலை, கிணற்றுக்கு அவள் பேர். உயிரோடு இருக்கிறவளுக்கு அந்த வீட்டில் என்ன இருந்தது? கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறும் அதில் தொங்குகிற தாலியும் மட்டும்தான்.

அந்தக் கயிற்றுக்கும் வந்தது வினை. தாலி பிரித்துக் கட்டுகிற சடங்கு இன்னும் பாக்கி. பழைய கயிற்றை மாற்றி, தங்கக் குண்டுமணி கோர்த்து, புதுக் கயிற்றில் புருஷன் மறுபடி கட்ட வேண்டும். அதைச் செய்தால்தான் இவள் அந்த வீட்டுக்காரி என்று ஆகும். ஆனால் போன மாதமே புவனேந்திரன் அதற்கு முன்னால் ஒன்று செய்யச் சொல்லியிருந்தான்.

"எங்க வழக்கத்துல, கழுத்துல தாலியோட செத்தவளுக்குப் பூவாடை கும்புட்டுட்டுத்தான் அடுத்த நல்லத செய்வோம்," என்றான். "பெரிய வேலையில்ல புள்ள. கெணத்துத் தண்ணிய ஒரு சொம்புல எடுத்து, சொம்புக்கு நூல் சுத்தி, ஒரு பூவப் போட்டு, மூணு வாட்டி பேரச் சொல்லிக் கூப்புடணும். அவ அந்தத் தண்ணியில வருவா. ஊட்டுக்குள்ள கொண்டாந்து வச்சி, சேல வச்சிப் படைக்கணும். மறுநாள் அதே தண்ணியக் கொண்டு போயி கெணத்துலயே விட்டுறணும். தங்க விடக் கூடாது. மூத்தவளுக்கு எளையவதான் செய்யணும்."

"நானா? நான் அவளக் கூப்புடணுமா?"

"அவ மனசு குளுரட்டுமேன்னுதான்."

"அவ மனசு குளுர நான் எரியணுமாக்கும்! செய்ய மாட்டேன். அவளக் கூப்புடுற வாய் எனக்கில்ல."

அவன் எழுந்து போனான். தாலி பிரித்துக் கட்டுகிற பேச்சு அதோடு நின்றது. இப்போது அவளே தண்ணீரில் வந்து அவன் சட்டையில் உட்கார்ந்திருக்கிறாள்! விதுஷா அன்றைக்கே தீர்மானித்தாள். கிணற்றை மூட முடியாது, மூட அவன் விட மாட்டான். ஆனால் கிணற்றிலிருந்து வீட்டுக்குள் எது வரலாம், எது வரக் கூடாது என்பதை அவள் தீர்மானிக்கலாம். அதற்குத்தானே தண்ணீரை வடிகட்டுகிற பில்டர் என்று ஒன்று உலகத்தில் விற்கிறார்கள்.

பதுளையில் மோட்டர், பைப் விற்கிற கடையொன்றின் நம்பர் அவளிடம் இருந்தது. கடையைப் பார்த்துக்கொள்கிற றம்ஸியா வாய் ஓயாமல் பேசுகிற, ஆனால் நேர்மையான மனுஷி. "பில்டர சும்மா கண்ண மூடிட்டு வாங்க ஏலா தங்கச்சி," என்றாள் போனில். "கண்ணாடிப் போத்தல்ல தண்ணிய அள்ளி, ஆட்டாம ஒரு ராவு வைங்க. மணல்னா உடனே எறங்கும். களிமண்ணுன்னா லேசுல எறங்காது. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போடுங்க, எது தோதுன்னு சொல்றன்."

ஜாம் போத்தலைக் கழுவி, கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, குசினி ஜன்னல் கட்டையில் வைத்தாள். வெளியே மூடுபனி தேயிலை நிரைகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு மேலே ஏறி வந்தது, தகரத்தில் தூறல் விழுகிற சத்தமும் தூரத்தில் கொழுந்து நிறுக்கிற இடத்துப் பேச்சும் ஈரப் பஞ்சுக்குள்ளிருந்து வருவது போல அடங்கிக் கேட்டன, அடுப்பில் ஈர விறகு புகைந்து கண்ணைக் கரித்தது. போத்தல் அசையாமல் இருந்தது. விதுஷா படுக்கப் போனாள்.

விடிந்து பார்த்தபோது தண்ணீர் தெளிந்திருந்தது. ஆனால் மஞ்சள் அடியில் இறங்கியிருக்கவில்லை. போத்தலின் ஒரு பக்கக் கண்ணாடியில், மேலிருந்து கீழ்வரை, தடவிவிட்டது போல ஒட்டியிருந்தது. படுக்கையறை இருந்த பக்கம்.

ஜன்னல் கட்டை சாய்வாக இருக்கும் என்று நினைத்தாள். போத்தலை எடுத்துக் குலுக்கி, மேசைமேல் சமனாக வைத்தாள். சாயந்தரம் புவனேந்திரன் வந்து வாசல் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தான். அவன் எழுந்து போன பிறகு பார்த்தாள். மஞ்சள் இப்போது வாசல் பக்கத்துக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது.

படம் எடுத்து அனுப்பினாள். றம்ஸியாவின் குரல் கொஞ்ச நேரத்தில் போனில் வந்து விழுந்தது. "களிதான் தங்கச்சி, நல்ல நைஸ் களி. ஆனா இது என்னத்துக்கு ஒரு பக்கமா ஒட்டிக்கிட்டு ஈக்கி? நான் இப்படிக் கண்டதில்ல. எதுக்கும் கடைக்கி வாங்களே."

விதுஷாவுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். நியாயமாகப் பார்த்தால் அதுதான் வரும். வந்ததோ ஆத்திரம். போத்தலுக்குள்ளே கிடக்கும்போதுகூட அவன் உட்கார்ந்த பக்கமாகத்தான் சாய்வாளா?

மறுநாள் பஸ் ஏறிப் பதுளைக்குப் போனாள். கடைக்குள் றப்பர் வாசமும் கிறீஸ் வாசமும் கலந்து அடித்தன. றம்ஸியா மேசைமேல் வரிசையாக எடுத்து வைத்தாள்.

"இந்தா, இது நெட் பில்டர். உள்ளுக்குக் கம்பி வலை. மணல், தும்பு எல்லாத்தையும் புடிக்கும். கீழ பாருங்க, சின்ன டெப் ஈக்கி. தொறந்து உட்டா புடிச்சதெல்லாம் வெளியே போயிரும். இத கெணத்தடியிலயே பூட்டுங்க, அழுக்கு ஊட்டுக்குள்ள வராது. அதுக்குப் பொறகு உள்ளுக்கு அஞ்சு மைக்ரோன் ஒண்டு போட்டா களியும் நிக்கும். எங்க ஊட்டுலயும் இப்படித்தான் போட்டீக்கி."

"மைக்ரோன்னா?"

"ஓட்டையோட அளவு. நம்பர் கொறயக் கொறய ஓட்டை சின்னம்."

"எல்லாத்துலயும் சின்னது எது?"

"எங்கிட்ட ஒரு மைக்ரோன் ஈக்கி. ஆனா அத மொதல்லயே தனியாப் போட ஏலா. சுருக்கா அடைச்சிக்கும். பொறகு தண்ணி சொட்டுச் சொட்டாத்தான் வரும்."

"அதையே தாங்க."

றம்ஸியா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு இரண்டு உருளைகளை எடுத்து நீட்டினாள். ஒன்று பஞ்சை அமுக்கியது போல வழவழப்பாக இருந்தது. மற்றது வெள்ளை நூலைக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கிச் சுற்றியது. சுற்றிய நூல் கட்டம் கட்டமாக, பார்க்கவே அழகாக இருந்தது. விதுஷாவின் கை நூல் சுற்றியதற்குத்தான் போனது.

"அது நல்ல சாமான்தான். ஆனா நூலுக்குள்ள போய்ப் புடிச்சது லேசுல வெளிய வராது புள்ள. கழுவினாலும் போகாது. உள்ளயே தங்கிரும். தூக்கி எறியத்தான் வேணும்."

"தங்கட்டும்," என்றாள் விதுஷா. "எனக்கும் அதுதான் வேணும். எறியிறத நானே எறிவேன்."

உருளையை வைக்கிற கூட்டில் நீலமும் இருந்தது, கண்ணாடி மாதிரித் தெளிந்ததும் இருந்தது. வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும், நீலம் எடுங்கள் என்று றம்ஸியா சொன்னாள். விதுஷா தெளிந்ததை எடுத்தாள். பிடிபட்டவளைக் கண்ணால் பார்க்க வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை புவனேந்திரன் பைப்பை வெட்டி ஒட்டிக் கொடுத்தான். கிணற்றடியில் பூட்டலாமே என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். அவள் கேட்கவில்லை. குசினிச் சுவரில், அடுப்புக்கு எதிரே, உட்கார்ந்தால் கண்ணில் படுகிற உயரத்தில் பூட்டச் சொன்னாள். அவன் மோட்டரைப் போடக் கிணற்றடிக்குப் போனதும், கூட்டில் ஒரு செம்பு கிணற்றுத் தண்ணீரை ஊற்றினாள். காற்று நிற்காமல் இருக்க அப்படிச் செய்யும்படி றம்ஸியா சொல்லியிருந்தாள். நூல் உருளையை உள்ளே இறக்கக் குனிந்தபோது, தலையில் வைத்திருந்த செவ்வந்திப் பூ நழுவிக் கூட்டுக்குள் விழுந்தது. எடுக்க நேரமில்லை. வெளியே மோட்டர் உறுமத் தொடங்கிவிட்டது. அவசரமாகத் திருகி மூடினாள்.

தண்ணீர் பாய்ந்தது. வெள்ளை நூலில் முதல் மஞ்சள் படிந்தது. அதைப் பார்த்ததும் விதுஷாவுக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. யாரும் கேட்கிற தூரத்தில் இல்லை. முகத்தைக் கூட்டுக்கு அருகே கொண்டுபோனாள்.

"வா ராணி," என்றாள் மெதுவாக. "வா, வா, ஏன் வெக்கப்படுற? இதுக்குள்ள வந்து குந்து ராணி. இனி நீ ஒரு அடி அங்கிட்டு இங்கிட்டு நகர ஏலாது. வந்துட்டியா ராணி?"

மோட்டர் நின்றது. கூட்டுக்குள் செவ்வந்தி மேலும் கீழுமாக ஒரு தரம் அசைந்து நின்றது.

சும்மா சொல்லக் கூடாது, தண்ணீர் என்றால் தண்ணீர்! கோப்பையில் பிடித்தால் கோப்பையின் அடி தெரிந்தது. சட்டை வெள்ளையாகவே காய்ந்தது. ஒரு வாசமும் இல்லை. விதுஷா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் கழுவினாள். சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்து ஒரு தரம் உதட்டைச் சுழித்துக்கூடக் காட்டினாள்.

ஆனால் புவனேந்திரன் வாசல் கதிரையில் உட்காருவதை விட்டுவிட்டான். சாயந்தரம் வந்ததும் முகம் கழுவி, தேத்தண்ணிக் கோப்பையோடு குசினிக்குள் வந்து, சுவர்ப் பக்கமாகப் பலகையைப் போட்டு உட்கார்ந்தான். விதுஷா முதலில் சந்தோஷப்பட்டாள். நம் பக்கத்தில் இருக்க வருகிறானே என்று கதை பேசினாள், பலகாரம் எடுத்து வைத்தாள். அவன் உம் கொட்டினான். அவன் பார்வை போகிற இடத்தை அவள் கவனிக்க இரண்டு மூன்று சாயந்தரம் ஆயிற்று.

"என்னத்த அப்படிப் பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல. எவ்ளோ அழகா மஞ்சளாகுது பாரேன்."

அழகாகத்தான் இருந்தது, பாழாய்ப் போனது! களி படிந்தால் திட்டுத் திட்டாக, சேறு மாதிரி அல்லவா படிய வேண்டும்? இது மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக, ஒவ்வொரு நூலிலும் தனித்தனியாகத் தடவியது போல ஏறியிருந்தது. அடியில் கிடந்த செவ்வந்தி வாடவில்லை. உருளையின் உச்சிக்கு ஏறி, அங்கேயே ஒட்டி நின்றது.

பிறகு சத்தம். மோட்டர் நின்று, குழாயில் தண்ணீர் அடங்கி, தகரத்தில் தூறலும் ஓய்ந்து, வீடு முழுதும் பனி இறங்குகிற அந்த நேரத்தில், குசினிச் சுவர்ப் பக்கமிருந்து கண்ணாடி வளையல் ஒன்றோடொன்று உரசுவது போல மெல்லிசாக ஒரு கிணுகிணுப்பு கேட்டது, அதைக் கேட்கக் காதைத் தீட்டினால் நின்றுவிடும், அவள் திரும்பி வேலையில் கையை வைத்ததும் மறுபடி தொடங்கும். காற்றுக் குமிழி என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். புதுப் பைப்பில் அப்படித்தான் கேட்கும்.

அவள் கழுத்துக் கயிறு வெளுக்கத் தொடங்கியது அதே வாரத்தில்தான். குளிக்கும்போது மஞ்சள் கரைந்து போகிறது என்று நினைத்தாள். தோல் தடித்தாலும் பரவாயில்லை என்று கறி மஞ்சளைக் குழைத்துக் கயிற்றில் மட்டும் தடவினாள். ஒட்டவில்லை. ஈரம் பட்டதும் மஞ்சள் முழுதும் வழிந்து போயிற்று. கயிறு கடையில் வாங்கிய நூல் மாதிரி வெள்ளை வெளேரென்று கிடந்தது.

தண்ணீரும் குறையத் தொடங்கியது. றம்ஸியா சொன்னது போலவே, குழாயைத் திறந்தால் கைத்தண்டி வந்த தண்ணீர் விரல்தண்டி ஆகி, நூல்தண்டி ஆயிற்று. வருகிறதெல்லாம் உள்ளேயே தங்கியது.

பக்கத்து லயத்து வேலாயி கொஞ்சம் உப்புக் கேட்டு வந்தது ஒரு மத்தியானம். பனி பகலையே சாயந்தரமாக்கி வைத்திருந்தது. பேசிக்கொண்டே குசினிக்குள் நுழைந்தவள், சுவரைப் பார்த்ததும் சட்டென்று செருப்பைக் கழற்றினாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இரண்டு கையையும் கூப்பினாள்.

"எப்ப புள்ள பூவாடை கூப்புட்டீங்க? ஒரு வார்த்த சொல்லலியே!"

"எந்தப் பூவாடைக்கா? அது பில்டரு."

வேலாயி திரும்பவில்லை. "கெணத்துத் தண்ணி. நூல் சுத்தியிருக்கு. பூ வச்சிருக்கு. மஞ்சக் குளிச்சி நிக்கிறா," என்றாள். "பேரச் சொல்லிக் கூப்புட்டியா?"

விதுஷா கையிலெடுத்த உப்பு டப்பாவைத் திரும்ப மேசையில் வைத்தாள்.

"கூப்புட்டா சேல வச்சிப் படைக்கணும். மறுநாளே கொண்டுபோய் விட்டுறணும். இன்னமும் ஊட்டுக்குள்ளயே வச்சிருக்கியே, தாயே!" வேலாயியின் கண் அவள் கழுத்துக்கு வந்து, வெளுத்த கயிற்றில் நின்றது. உப்பை வாங்காமலே அவள் வெளியே போனாள். செருப்பு வாசலிலேயே கிடந்தது.

குசினியில் விதுஷா தனியாக நின்றாள். மூன்று தரம் சொன்னாளா? வா ராணி. குந்து ராணி. வந்துட்டியா ராணி. விரலை மடக்கத் தேவையே இல்லை. கூப்பிடுகிற வாய் எனக்கில்லை என்றவள்தான் வாசல்வரை போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்து, புருஷன் கண்ணுக்கு நேரே உட்கார வைத்திருக்கிறாள். படையல் இல்லை, சேலை இல்லை. வயிற்றெரிச்சல் இவளுக்கு மட்டும் சொந்தமா என்ன? தான் மண் சுமந்து வெட்டிய கிணற்றுத் தண்ணீரில் இன்னொருத்தி குளித்து, தன் புருஷனுக்குச் சமைப்பதை அவள் கிணற்றுக்குள்ளிருந்து இத்தனை நாளும் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பாள்?

கொண்டுபோய் விட வேண்டும். இப்போதே. அவன் வருவதற்குள்.

வால்வை மூடினாள். கூட்டின் தலையில் இருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். அடைபட்ட காற்று வெளியேறியது. நெடுநேரம் அடக்கி வைத்திருந்த மூச்சு அது. வெதுவெதுப்பாக இருந்தது. மஞ்சளும் செவ்வந்தியும் மணந்தன.

கூட்டைத் திருகுகிற சாவியை மாட்டி இழுத்தாள். அசையவில்லை. காலைச் சுவரில் ஊன்றி இழுத்தாள். குனிந்தபோது அவள் தாலி முன்னால் ஊசலாடிக் கூட்டில் பட்டது.

டிக்.

உள்ளேயிருந்தும் கேட்டது.

டிக்.

"போயிரு," என்றாள். "சேல வைக்கிறேன். படையல் போடுறேன். போயிரு ராணி."

சொன்ன பிறகுதான் தெரிந்தது, மறுபடியும் கூப்பிட்டுவிட்டாள் என்று. முழுப் பலத்தோடு சாவியை இழுத்தாள். கழுத்தில் ஏதோ அறுந்தது. இலேசாக இருந்தது. தடவிப் பார்த்தாள். கயிறு இல்லை. தாலி இல்லை. தரையில் தேடினாள். அடுப்படியில். தொட்டியில். தன் சேலை மடிப்பில். எங்கேயும் இல்லை.

நிமிர்ந்தாள்.

கூட்டுக்குள்ளே இருந்தது. மஞ்சள் நூல்மேல், கூட்டின் உட்பக்கத்தோடு ஒட்டி. அவளுடைய தாலி. திருகியது திருகியபடி மூடித்தான் இருந்தது.

வெளியே லொறி வந்து நின்றது. கதவு சாத்துகிற சத்தம். அவன் காலடி. இத்தனை நேரத்தோடு அவன் வந்ததே இல்லை. ஓடிப் போய் அவன் மார்பில் விழ வேண்டும் என்று நினைத்தாள். கண் கூட்டுக்குள்ளிருந்த தாலியை விட்டு வரவில்லை.

புவனேந்திரன் உள்ளே வந்தான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். கையில் பூச்சரம். சட்டைப் பையிலிருந்து சின்னக் கடுதாசிப் பொட்டலத்தை எடுத்தான். பிரித்தான். தங்கக் குண்டுமணிகள்.

"தாலி பிரிச்சிக் கட்டிறலாம்," என்றான். "இனியும் தள்ளிப் போட வேணாம்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஏங்க," என்றாள். "ஏங்க, என் தாலி..."

அவன் அவளைத் தாண்டிப் போனான். தோள் அவள் தோளில் உரசியது. ஒரு கதவு நிலையில் உரசியது போல, அதற்காக அவன் திரும்பவில்லை.

கூட்டின்மேல் கை வைத்தான். சாவி தேவைப்படவில்லை. இரண்டு விரலால் திருகினான். வழுக்கிக்கொண்டு கழன்றது. ஒரு சொட்டுத் தண்ணீரும் சிந்தவில்லை. நூல் உருளையை இரண்டு கையாலும் தாங்கி வெளியே எடுத்தான். தண்ணீர் சொட்டச் சொட்ட. மஞ்சள் சொட்டச் சொட்ட. பலகையில் நிறுத்தினான். உருளை தனியாக நின்றது.

"குளுருதா?" என்று கேட்டான்.

அந்தக் குரல். நாலு மாதமாக அவள் ஏங்கிக் கிடந்த குரல். இப்போதுகூட விதுஷாவுக்கு முதலில் வந்தது பயமில்லை. அவன் அப்படிக் கேட்டது தன்னையில்லையே என்கிற எரிச்சல்தான் வந்தது. பயம் அதற்குப் பின்னால் வந்தது.

அவன் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தான். உருளையிலிருந்து நூல் முனையொன்று தானாக அவிழ்ந்து அவன் விரலுக்கு வந்தது. அதில் குண்டுமணியைக் கோர்த்தான். தாலியைக் கோர்த்தான். அவள் தாலியை. விதுஷா கத்தினாள். கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. காதில் கேட்டதெல்லாம் வளையல் சத்தம்.

அவன் கையை உயர்த்தினான். கட்டுவதற்கு வசதியாக, கல்யாணப்பொண்ணு குனிவது போல, உருளை அவன் பக்கம் சாய்ந்தது. உச்சியில் செவ்வந்தி.

ஒரு முடிச்சு.

இரண்டு.

மூன்றாவது முடிச்சை அவன் பொறுமையாக, இறுக்கமாகப் போட்டான். பூச்சரத்தைச் சுற்றினான். கையை எடுத்தான்.

உருளை நிமிர்ந்தது. ஈர நூல் ஒவ்வொரு இழையாக அசைய, பலகையில் மெல்லத் திரும்பி, விதுஷா நின்ற பக்கம் பார்த்தது.